மெதுவாகச் சுற்றிய தட்டு

"ராணுவத்தினரின் உபயோகத்துக்கு மட்டும். விற்பனைக்கு அல்ல." என் மேசைமேல் இருக்கும் கிராமபோன் தட்டின் லேபிளில் ஆங்கிலத்தில் இப்படி அச்சடித்திருக்கிறது. அதன் கீழே பென்சிலால் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "பூங்கா, நவம்பர் 1946." அதற்கும் கீழே, பிறகொரு நாளில் வேறு பென்சிலால் எழுதிய ஒற்றைச் சொல்: "மெதுவாக."

வானொலியில் மேல்நாட்டு இசைத்தட்டுகளை அறிமுகம் செய்து பேசுவது பிற்காலத்தில் என் தொழிலாகிவிட்டது. நேயர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, இந்தக் கலைஞர்களையெல்லாம் முதலில் எங்கே கேட்டீர்கள் என்பது. லண்டன், பம்பாய், குறைந்தபட்சம் கொழும்பு என்று எதிர்பார்ப்பார்கள். தூத்துக்குடி முனிசிபல் பூங்காவில் கேட்டேன் என்றால் சிரிப்பார்கள். அதோடு, கேட்டதும் தவறான வேகத்தில் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தவறும், அதைத் திருத்திய பிறகு நடந்ததும் எங்கும் பதிவாகவில்லை. நானே எழுதிவிடுவதென்று உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்த சமயம் நான் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. சாத்தான்குளத்துப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஆங்கிலம் தடங்கலில்லாமல் வரும். அதனால் கரையிறங்கும் கப்பல் சிப்பந்திகளிடம் பேச என்னைத்தான் அனுப்புவார்கள். பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. கண்ணுக்கெட்டும் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோவார்கள், ஆட்களை விசைப்படகில் கொண்டுவருவார்கள்.

மாலையில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. பூங்காவில் நகரசபையின் ரேடியோப் பெட்டியும், கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும் உண்டு. செய்தியும் கச்சேரியும் கேட்க ஜனங்கள் வந்து புல்லில் உட்காருவார்கள். வாடைக் காற்று நாட்களில் நிலையத்தின் குரல் இரைச்சலில் கரைந்துபோகும். அப்போது கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க, இசைத்தட்டு போட்டு, மைக்கில் இரண்டு வார்த்தை சொல்வதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். அந்த ஆள் நான்.

கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஒலிபெருக்கிக் கடை அண்ணாச்சியுடையது. கல்யாணத்துக்கும் கோவில் கொடைவிழாவுக்கும் செட் வாடகைக்கு விடுபவர். கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து ஏலம் போன ராணுவச் சாமான்களில் அவர் ஓர் அமெரிக்க ரெக்கார்ட் பிளேயரை எடுத்துவந்தார். மின்சாரத்தில் ஓடும் மோட்டார். சாவி கொடுக்க வேண்டாம். கூடவே ஒரு மரப்பெட்டி நிறைய ராணுவத் தட்டுகள். சாதாரணத் தட்டு கை தவறினால் உடையும். இவை லேசாக வளையும், உடையாது. பெட்டிக்குள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அமெரிக்கர்கள். ஊரில் அவர்கள் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. ஊசி கிடைக்காத காலம் என்பதால் உடைமரத்து முள்ளைச் சீவி ஊசிக்குப் பதிலாகச் செருகினோம். தூத்துக்குடியைச் சுற்றி உடைமரத்துக்குப் பஞ்சமில்லை. முள் தட்டைக் கீறாது, ஓசையையும் கொஞ்சம் மென்மையாக்கும்.

அந்தப் பெட்டியிலிருந்த மூன்று பேரை இன்றும் மறக்கவில்லை. ஒருவர் பியானோ வாசிப்பவர். வலது கை எதையோ யோசித்துக்கொண்டே வாசிக்கும், இடது கை கொல்லன் பட்டறைபோல ஒரே சீராக அடிக்கும். இன்னொருவர் பாடகர். தாழ்ந்த, கனத்த குரல். காதல் பாட்டைக்கூட வாக்குமூலம்போலப் பாடுவார். மூன்றாமவர் டிரம்பெட் ஊதுபவர். அவரிடம் எனக்குப் பிடித்தது மூச்சை எங்கே நிறுத்துகிறார் என்பது. ஒரு சுரத்தை நீட்டி, விட்டு, அடுத்ததை ஆரம்பிப்பதற்குமுன் ஓர் இடைவெளி விடுவார். பூங்காவில் அந்த இடைவெளிக்குள் கடல் கேட்கும். லேபிளில் கலைஞர்களைப் பற்றிப் பெயரையும் கருவியையும் தவிர ஒன்றும் இல்லை. கப்பல்காரர்கள் விட்டுப்போன பழைய பத்திரிகைகளைப் புரட்டி ஒவ்வொருவரைப் பற்றியும் கிடைத்ததைச் சேகரித்து மைக்கில் சொல்வேன். பாடகரைப் பற்றி மட்டும் ஒன்றும் அகப்படவில்லை, லேபிளிலும் அவருக்கு முதலெழுத்தும் குடும்பப் பெயரும்தான்.

டிரம்பெட்காரரின் அந்த ஒரு தட்டுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். முதல் நாள் போட்டபோது புல்லில் சிரிப்பு எழுந்தது. ஒரு மில் தொழிலாளி, "ஏலே, செத்த வீட்டுக்கு யாரு வழி கேட்டா?" என்றான். அவ்வளவு துக்கமாக இருந்தது. ஆனால் மறுவாரம் அதையே போடச் சொல்லி நாலு பேர் கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் பேண்டு மாஸ்டர். வடக்கே கடலோர வேம்பாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். கல்யாணம், திருவிழா, சாவு எதுவானாலும் தூத்துக்குடிக் கரையோரத்தில் அவருடைய ஐந்து பேர் பேண்டுதான். அவர் கிளாரினெட் வாசிப்பார். இசைக்குறிப்பு பார்த்துப் படித்தவரல்ல, காதால் பிடித்துக்கொள்பவர். மாலையில் பூங்காவுக்கு வரும்போது தன் அண்ணனையும் கூட்டிவருவார். அண்ணன் சங்கு குளித்தவர். பல வருஷம் ஆழத்தில் இறங்கி இரண்டு காதிலும் சவ்வு கிழிந்துபோயிருந்தது. பேச்சு கேட்காது. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் சுத்தமாகப் போய்விட்டன. கப்பலின் சங்கொலி, பெரிய பறையின் அதிர்வு, இந்த மாதிரி அடித்தொண்டைச் சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டும் என்று மாஸ்டர் சொன்னார். பின் எதற்குப் பூங்காவுக்குக் கூட்டிவருகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவரைப் பார்க்கிறார், இங்கே ஆட்களையாவது பார்ப்பார் என்றார்.

டிரம்பெட் தட்டை இரண்டாவது முறை போட்ட அன்று, மாஸ்டரின் அண்ணனான அந்தப் பெரியவர் ஒலிபெருக்கிக் கம்பத்தின் அடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பாதியில் கையைத் தூக்கித் தம்பியின் தோளைத் தட்டினார்.

"ஏலே, இது எனக்குக் கேக்குதுலே."

காது கேளாதவர்கள் பேசுவதுபோல உரக்கச் சொன்னதால் பூங்கா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் தட்டு முடியும்வரை அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து தினமும் வந்து அந்த மெட்டைக் கேட்டுப் பிடித்து, பேண்டுக்குச் சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குள் சாவு ஊர்வலங்களில் அதை வாசிக்க ஆரம்பித்தார்கள். ஊரில் அதற்குப் "பூங்காப் பாட்டு" என்று பெயர் விழுந்தது. பேண்டு பேச வருகிறவர்கள், பூங்காப் பாட்டு உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போனார்கள்.

சந்தேகம் வந்தது ஒரு தமிழ்த் தட்டால். தமிழ்த் தட்டுகள் வழக்கமாக அண்ணாச்சியின் பழைய சாவி கிராமபோனோடு கல்யாண வீடுகளுக்குப் போய்விடும். ஒரு நாள் ஒன்று கடையில் மிஞ்சியிருக்க, பூங்காவுக்கு எடுத்துவந்தேன். ஊருக்கே தெரிந்த நாடகப் பாடகி. மின்சாரத் தட்டில் போட்டால் யாரோ ஓர் ஆண் பாடுவதுபோல வந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு. அண்ணாச்சி அசரவில்லை.

"மார்கழில பாடியிருப்பா, தொண்டை கட்டியிருக்கும். நீரு முள்ள மாத்திப் போடும் வே."

முள்ளை மாற்றினேன். பாடகியின் தொண்டை சரியாகவில்லை. புதிய மோட்டார்தான் காரணமாக இருக்கும் என்றேன். அமெரிக்காக்காரன் செய்த சாமானில் குறை கண்டுபிடிக்கிற அளவுக்கு நான் படித்துவிட்டேனா என்று அண்ணாச்சி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே தீருவதென்று முடிவு செய்தேன்.

பதில் கப்பலில் வந்தது. பருத்தி ஏற்றக் காத்திருந்த ஒரு சரக்குக் கப்பலின் வயர்லெஸ் ஆபரேட்டர், கோவாக்காரர், இசை தெரிந்தவர். ஆபீஸ் வேலையாகக் கரைக்கு வந்தவரைப் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். வழியில் ஒரு சாவு ஊர்வலம் எதிர்ப்பட்டது. மாஸ்டரின் பேண்டு. ஆபரேட்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார். சற்று நேரத்தில் அவர் முகம் மாறியது. ஊர்வலம் கடந்துபோனதும் இந்த மெட்டை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். இதற்கு நாங்கள் நடனம் ஆடுவோம் என்றார்.

பூங்காவில் தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினார். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்ற வேண்டியது அறுபத்தைந்துதான் சுற்றியது. காரணத்தையும் சொன்னார். அமெரிக்க மின்சாரத்தின் துடிப்பு வேகம் அதிகம், அதற்காகச் செய்த மோட்டார் இது. நம் ஊருக்கு வரும் பாபநாசத்து மின்சாரத்தின் துடிப்பு அதைவிடக் குறைவு. ஆகவே எவ்வளவு நல்ல மோட்டாரானாலும் இங்கே மெதுவாகத்தான் சுற்றும். தட்டு மெதுவாகச் சுற்றினால் பாட்டு நீளும், குரலும் தாழும். பெண் ஆணாவாள், ஆட்டப் பாட்டு சாவுப் பாட்டாகும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் பின்னால் பெரிதாயிற்று. பருத்திச் சரக்குக்காக அவர் அமெரிக்காவின் தென்கோடித் துறைமுகம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அந்த டிரம்பெட்காரரின் சொந்த ஊரும் அதுவேதானாம். அந்த ஊரில் சாவுக்கு பேண்டு போகும். கல்லறைக்குப் போகையில் மெதுவாக வாசிப்பார்கள், திரும்பி வருகையில் வேகமாக, ஆட்டம்போல. இந்த மெட்டையும் அங்கே அப்படி இரண்டு வேகத்திலும் வாசிப்பதுண்டு என்று யாரோ தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். நீங்கள் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை, சொன்னார்கள் என்றார். அவர் கப்பல் அந்த வாரமே புறப்பட்டுப் போய்விட்டது.

மோட்டாரின் அச்சு, தட்டைத் தாங்கும் பலகையை உள்விளிம்பில் உரசித்தான் சுழற்றும். அச்சைப் பருமனாக்கினால் வேகம் கூடும். ஆபரேட்டர் காட்டித்தந்தபடி, அச்சின் தடிமனுக்கு ஏற்ற ஒரு சின்னப் பித்தளை உறையை ரயில்வே பட்டறையில் தெரிந்தவரிடம் கடைந்து வாங்கினேன். முதல் உறை தடித்துவிட்டது, இரண்டாவது மெலிந்துவிட்டது. மூன்றாவது சரியாக வரும்வரை நான் விடவில்லை. அண்ணாச்சி கூடவே நின்று, மோட்டார் எரிந்தால் நீருதான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எரியவில்லை.

அன்று மாலை மைக்கில் விஷயத்தை அறிவித்தேன். இதுவரை நீங்கள் கேட்டதெல்லாம் மெதுவான வேகம், இன்று முதல் கலைஞர்கள் வாசித்த வேகத்திலேயே கேட்பீர்கள் என்றேன். பூங்காப் பாட்டு என்று நாம் சொல்வது உண்மையில் நடனத்துக்கான இசை என்பதையும் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டேன். பியானோக்காரரின் பட்டறையில் தீப்பொறி பறந்தது. தாழ்ந்த குரலில் வாக்குமூலம் கொடுத்துவந்த பாடகர் ஒரு பெண் என்று தெரிந்தது. இளமையான, குறும்பான குரல். உப்பு வியாபாரி ஒருவர், இவளுக்காகவா இத்தனை நாள் பரிதாபப்பட்டோம் என்று எழுந்தே போய்விட்டார். எனக்கு அந்தப் பாடகியின் குரல் அன்றைக்குத்தான் முழுதாகப் பிடித்தது. சொற்களை லேசாகத் தள்ளிப்போட்டு, தாளம் தன்னைத் தேடி வரும்வரை காத்திருந்து பாடுவார். இதுபற்றிப் பிற்காலத்தில் வானொலியில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன்.

கடைசியில் டிரம்பெட். துக்கமெல்லாம் போய் துள்ளிக்கொண்டு வந்தது. "அவனுக்கு என்ன, ரயிலா போவுது?" என்று ஒரு குரல். இளவட்டங்கள் கைதட்டினார்கள். நான் கம்பத்தடியைப் பார்த்தேன். பெரியவர் வழக்கம்போலச் சாய்ந்திருந்தார். தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பியிடம் கேட்டார்:

"ஏம்லே நிறுத்திட்டான்?"

வேகம் கூடியபோது சுருதியும் ஏறி, அவர் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. மாஸ்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சரியான வேகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அந்தக் கலைஞர் ஊதியது ஊதியபடி ஊருக்குக் கேட்க வேண்டும். ஆனால் பித்தளை உறையை ஒரு திருகாணியில் கழற்றி மாட்டலாம். எனவே ஓர் ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு மாலையும் முடிவில் உறையைக் கழற்றிவிட்டு அந்தத் தட்டை மட்டும் பழைய வேகத்தில் போடுவது. போடும்முன் "இது மெதுவாக ஓட்டப்படுகிறது" என்று மைக்கில் தவறாமல் சொல்லிவிடுவது. லேபிளில் இரண்டாவது பென்சில் குறிப்பு அன்று எழுதியது. அண்ணாச்சிக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "ஒத்த ஆளுக்கு ஒரு கச்சேரியா வே?" என்றார். ஆனால் ஒரு நாள் நான் மறந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தபோது, "பெரியவரு உக்காந்திருக்காரு, பாத்தீரா?" என்று ஞாபகப்படுத்தியவரும் அவரே.

இந்த ஏற்பாடு ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. அதற்குள் இன்னொன்றும் நடந்தது. ஆட்டப் பாட்டு என்று நான் மைக்கில் அறிவித்தது பங்குச் சாமியார்கள்வரை போயிருந்தது. சாவு ஊர்வலத்தில் பூங்காப் பாட்டு வாசிக்கக் கூடாதென்று ஞாயிறு பூசையில் அறிவித்து, கரையோரப் பங்குகளுக்கும் சொல்லி அனுப்பினார்கள். மாஸ்டர் எதிர்த்துப் பேசவில்லை. வேறு மெட்டு வாசித்தார். "நீங்க மைக்குல உள்ளதச் சொன்னீங்க தம்பி, சாமிமாரு அவங்க வேலையச் செஞ்சாங்க, இதுல நான் யாரோட சண்டைக்குப் போக?" என்றார். சண்டைக்குப் போக வேண்டிய நாள் 1948 தொடக்கத்தில் வந்தது.

வேம்பாருக்குப் போயிருந்த பெரியவர் அங்கே நெஞ்சுச் சளியில் விழுந்து எழுந்திருக்கவில்லை. சாவுச் செய்தி வந்ததும் மாஸ்டர் நேராக என் ஆபீசுக்கு வந்தார். கையில் கிளாரினெட் பெட்டி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணனுக்கு அதத்தான் வாசிக்கணும். வேற எத வாசிச்சாலும் அவருக்குக் கேட்டதில்ல. நீங்க வந்து சாமிகிட்ட அந்தக் கப்பல்காரன் சொன்னதச் சொல்லணும். அந்த ஊர்ல சாவுக்கு வாசிக்கிற மெட்டுன்னு சொல்லணும்."

"அது அவர் காதால் கேட்டதில்லை மாஸ்டர். யாரோ சொன்னதைச் சொன்னார்."

"நீங்க சொன்னா சாமி நம்புவாரு."

"அதனால்தான் தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சதை எல்லாம் சொல்றேன். வாங்க, போகலாம்."

ஆபீசில் விடுப்புச் சொல்லிவிட்டு அவருடன் புறப்பட்டேன். பேண்டு ஆட்கள் நால்வரும் பஸ் நிலையத்தில் இருந்தார்கள். பெரிய டிரம்மை பஸ் கூரைமேல் கட்டினார்கள். யுத்தம் முடிந்தும் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியடுப்பில் ஓடிக்கொண்டிருந்த பஸ் அது. மேட்டில் மூச்சுவாங்கும். உப்பளங்களும் பனையும் உடைமரமுமாக வழி நீண்டது. மாஸ்டர் மடியில் இருந்த பெட்டியின் மேல் அவர் விரல்கள் அந்த மெட்டின் துளைகளை மூடித் திறந்துகொண்டிருந்தன.

வேம்பாரில் பங்குச் சாமியாரை அவர் வீட்டு முன்னறையில் பார்த்தோம். கடற்கரை ஊர்க்காரர்தான், நடுவயது. என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டு ஆட்டப் பாட்டா இல்லையா என்று ஒரே கேள்வி கேட்டார்.

ஆட்டப் பாட்டுதான் என்றேன். பக்கத்தில் மாஸ்டர் அசைந்தது தெரிந்தது. தொடர்ந்து சொன்னேன். எங்கள் இயந்திரத்தின் குறையால் அது மெதுவாக ஓடியது. அந்த மெதுவான வடிவத்தைத்தான் பேண்டு கற்றுக்கொண்டது. அந்த வடிவத்தைக் கேட்டு யாரும் ஆட முடியாது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இதைச் சாவுக்கும் வாசிப்பதாக ஒரு கப்பல் சிப்பந்தி சொன்னார். அவருக்கும் அது கேள்விப்பட்ட செய்தி, என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.

"உறுதியில்லாததச் சொல்லி நீங்க என்னை ஏமாத்தல. அதுக்கு சந்தோஷம். ஆனா உறுதியில்லாதத வச்சு நான் உத்தரவும் குடுக்க முடியாதுல்லா?" என்றார் சாமியார்.

நியாயமாகவே இருந்தது. நான் எழுந்துகொண்டேன். மாஸ்டர் நகரவில்லை. அவர் முதலிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தார்.

"சாமி, அது ஆடுத பாட்டாவே இருக்கட்டும். பதினஞ்சு வருஷமா எங்க அண்ணனுக்குப் பூசை கேக்கல. உங்க பிரசங்கம் கேக்கல. பெத்த மவ கல்யாணத்துல தாலி கட்டும்போது நான் வாசிச்சது கேக்கல. இந்த ஒண்ணுதான் கேட்டுச்சு. இத வாசிக்காம நான் அவர அனுப்ப மாட்டேன். என்னைப் பேண்டு வாசிக்கக் கூடாதுன்னு தள்ளி வச்சாலும் சரி."

சத்தம் போடவில்லை. சரக்கு எத்தனை மூட்டை என்று தோணி ஓட்டும் தண்டல் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். சாமியார் எழுந்து சன்னலருகே போனார். அங்கிருந்து கோவிலும், கொஞ்சம் தள்ளிக் கல்லறைத் தோட்டத்து மதிலும், இரண்டுக்கும் நடுவே கடற்கரைப் பஸ் ஓடும் சாலையும் தெரியும்.

"கோவில் வளாகத்துக்குள்ள என் உத்தரவு. கல்லறைத் தோட்டத்துக்குள்ளயும் என் உத்தரவு. ரெண்டு எடத்துலயும் அது கூடாது. நடுவுல கெடக்கது ஜில்லா போர்டு ரோடு. அதுல எவன் என்ன வாசிக்கான்னு பாக்குறதுக்கு ஜில்லா போர்டுல ஆள் இருக்கு." பிறகு மாஸ்டரைப் பார்த்தார். "ரோடு சின்னதுவே. பாத்துக்கிடும்."

பிற்பகல் பூசை முடிந்து சவப்பெட்டியை வெளியே எடுத்தார்கள். கோவில் வாசலைத் தாண்டும்வரை பேண்டு ஊமையாக வந்தது. சாலையில் கால் வைத்ததும் மாஸ்டர் கிளாரினெட்டை உயர்த்தினார்.

அந்தத் தட்டை நான் நூற்றுக்கணக்கான முறை போட்டிருக்கிறேன். பிற்பாடு அந்த டிரம்பெட்காரரின் மற்ற தட்டுகளையெல்லாம் தேடிக் கேட்டு, நேயர்களுக்கு அலுக்கும் அளவு பேசியும் இருக்கிறேன். அன்று கேட்ட அளவுக்கு அந்த இடைவெளிகளை நான் எங்கும் கேட்டதில்லை. மாஸ்டர் அவற்றை அப்படியே வைத்திருந்தார். ஒரு சுரம், பிறகு காலடிச் சத்தம் மட்டும், பிறகு அடுத்த சுரம். மேல் சுரங்களைத் தவிர்த்து மெட்டு முழுவதையும் கீழ் ஸ்தாயியிலேயே கொண்டுபோனார். பெரிய டிரம்காரர் தோலின் நடுவில், துணி சுற்றிய கோலால் அடித்தார்.

சாலை சின்னதுதான். சாதாரணமாக நடந்தால் மெட்டின் பாதிக்குள் மதில் வந்துவிடும். பேண்டு ஆட்கள் பாதம் பாதமாக எடுத்துவைத்தார்கள். பெட்டி தூக்கியவர்களும் அப்படியே குறைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் முன்னால், சிலுவைக்குப் பின்னே சாமியார் போய்க்கொண்டிருந்தார். அவர் முந்திப் போயிருந்தால் ஊர்வலம் அறுந்திருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய நடையும் குறைந்தது. பின்னால் கடற்கரைப் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஹாரன் அடிக்க வேண்டாமென்று டிரைவரிடம் கையைக் காட்டிவிட்டு இறங்கி நின்றார். மெட்டின் கடைசிச் சுரம் கல்லறைத் தோட்டத்து வாசல் கல்லுக்கு இந்தப் பக்கம் முடிந்தது. மாஸ்டர் கிளாரினெட்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே சாலையில் என் பக்கத்தில் வந்தார்.

"அந்தக் கப்பல்காரன் சொன்ன ஊர்ல, திரும்பும்போது வேகமா வாசிப்பாங்கன்னு சொன்னாருல்லா?"

"அப்படித்தான் சொன்னார் மாஸ்டர்."

மாஸ்டர் என்ன சொல்லப்போகிறார் என்று பேண்டு ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மறுப்பாகத் தலையசைத்தார்.

"நமக்கு அது வேண்டாம் தம்பி. அண்ணனுக்குக் கேக்காது."

கைப்பெட்டியைத் திறந்து கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்து உள்ளே வைத்தார்.

மறுநாள் மாலை பூங்காவில் வழக்கம்போலத் தட்டுகளைப் போட்டேன். கடைசியில் பித்தளை உறையைக் கழற்றப் போன கை நின்றது. அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். உறையைக் கழற்றாமலே அந்தத் தட்டைச் சரியான வேகத்தில் போட்டேன். அப்போதிலிருந்து இன்றுவரை அதை நான் மெதுவாக ஓட்டியதில்லை. வானொலியிலும் கலைஞர் ஊதிய வேகத்தில்தான் ஒலிபரப்பியிருக்கிறேன். யாராவது ஒரு நேயர், மெதுவாகப் போட முடியுமா என்று கேட்டால், அவர் தூத்துக்குடிக்காரரா என்று மட்டும் விசாரிப்பேன்.

இனி, சரிபார்த்தவற்றையும் சரிபார்க்காததையும் பிரித்து எழுதிவிடுகிறேன். இந்தத் தட்டில் டிரம்பெட் ஊதியவர் லேபிள் சொல்பவர்தான். இதே நபரின் மற்ற பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் பிறந்த ஊர் ஆபரேட்டர் சொன்ன துறைமுகமே என்பதை இரண்டு புத்தகங்களில் படித்தேன். அந்த ஊரில் கல்லறைக்குப் போகும்போது மெதுவாகவும் திரும்பும்போது வேகமாகவும் வாசிக்கும் வழக்கம் உண்டு என்பதும் உண்மை. அதைப் பல புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் இந்தக் குறிப்பிட்ட மெட்டை அங்கே யாராவது, எப்போதாவது, போகும் வழியில் மெதுவாக வாசித்திருக்கிறார்களா என்பதற்கு நான் இதுவரை ஒரு சான்றும் காணவில்லை. வேம்பாரில் வாசித்தார்கள், அதற்கு நான் சாட்சி. அந்த அமெரிக்கத் துறைமுகத்தில் வாசித்தார்களா என்பது உறுதிப்படவில்லை.